வெள்ளத்துக்கு அப்பால் ஒரு மாப்பிள்ளை

கொமடோர் றொனால்ட் ஒரு சொல் சொன்னால் கடலில் ஏழு நாட்டுக் கப்பல்கள் திசை திருப்பும். மட்டக்களப்பில், தங்கச்சி வீட்டில், ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்காது.

"அண்ணன், சிரட்டையையும் சேத்தா திருவுறீங்க? பால் கறுத்துப்போகும். கொமடோர் எண்டாலும் தேங்காய்க்கு ஒரு முறை இருக்கு" என்று அடுப்படியிலிருந்து இமெல்டா சத்தம் வைப்பாள்.

"ஓம் ஓம்" என்பார் கொமடோர். வேறு என்ன சொல்ல? கலியாண வீடு. மாவிடிக்கவும் பலகாரம் சுடவும் வந்திருந்த பெண்கள் அவரைப் பார்த்துச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்புத்தான். இப்படி வீட்டுக்குள் உட்கார்ந்து ஏச்சு வாங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது.

றொனால்ட் பறங்கித் தெருவில் தச்சுவேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு கடற்படைக்குப் போனவர். முதலில் சின்ன ரோந்துப் படகு, பிறகு பெரிய கப்பல், அதன் பிறகு கப்பல்களின் கூட்டம் என்று ஏறிக்கொண்டே போனார். சில வருடங்களுக்கு முன்னர், பல நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து நடத்துகிற கூட்டு அணி ஒன்றுக்கு ஆறு மாதம் தலைவராக இருந்தார். அலுவலகம் பஹ்ரேனில், கப்பல்கள் அரபிக் கடலில். மீன்பிடிப் படகுபோல வேஷம் போட்டுப் போதைப்பொருள் கடத்துகிறவர்களை மறிப்பதும், சரக்குக் கப்பல்களைக் கொள்ளைக்காரர் கையில் சிக்காமல் கூட்டிக்கொண்டு போவதும்தான் வேலை. அந்த ஆறு மாதம் நன்றாக நடந்துவிட்டதால், இரண்டாம் முறையும் அவரையே கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை விமானம் ஏற வேண்டும்.

இந்தப் பெருமைக்கெல்லாம் விலையாகப் போனவை வீட்டு விசேஷங்கள். இமெல்டா கலியாணம் முடித்த அன்று றொனால்ட் நடுக்கடலில் நின்றார். தொலைபேசியில் அவர் வாழ்த்துச் சொல்லத் தொடங்கியதும் தொடர்பு அறுந்தது. அவள் மகள் டினோஷாவின் ஞானஸ்நானத்துக்கு ஒரு பொம்மை வந்தது, அவர் வரவில்லை. முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு ஒரு கைக்கடிகாரம் வந்தது, அவர் வரவில்லை. இமெல்டாவின் புருஷன் காலமான நேரத்திலும் அவர் வந்து சேர்ந்தது அடக்கம் முடிந்த பின்னர்தான். அதையெல்லாம் ஒருவரும் குற்றமாகச் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே அவருக்கு அது நெஞ்சில் ஒரு பாரமாகக் கிடந்தது.

இந்தக் கலியாணப் பேச்சு வந்தபோது டினோஷா கொழும்பிலிருந்த அவருக்கு நேரே போன் எடுத்துச் சொல்லிவிட்டாள்:

"மாமா, டடி இல்ல. என்னக் கையப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிப் போறது நீங்கதான். நீங்க வரல்லயெண்டா நான் தனியத்தான் நடப்பன். வேற ஒராளின்ட கையையும் பிடிக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

"வருவன் மகள்."

"கப்பல் மேல சத்தியமா?"

"கப்பல் மேல சத்தியமா."

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் அவர் வந்திருந்தார். கலியாணம் சனிக்கிழமை காலை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மழை வரும்வரை.

கார்த்திகை மழை வருவது புதிதல்ல. ஆனால் இந்த முறை வந்த மழை, வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறதுபோல இரண்டு நாள் விடாமல் பெய்தது. மாப்பிள்ளை லக்ஷன் மிருக வைத்தியர். வேலை ஓட்டமாவடிப் பக்கம். தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வருகிறேனென்று, கிரானுக்கு மேற்கே ஆற்றுக்கு அப்பால் இருக்கிற மருதஞ்சேனைக்குப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. அப்போதுதான் றொனால்டுக்கு அவனுடைய அழைப்பு வந்தது.

"மாமா, றோட்டக் காணல்ல."

"எந்த றோட்ட?"

"எல்லா றோட்டையும்தான். ஆறும் வயல் வட்டையும் ஒண்டாப் போயிட்டு. நாங்க பதினாலு பேர் உடுத்து வெளிக்கிட்டு நிக்கிறம். எங்களுக்கு ஒண்டுமில்ல, ஊர் மேட்டில இருக்கு. ஆனா வர வழியில்ல."

இமெல்டா மாவுக் கையோடு கோயிலுக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமா என்று பாதரிடம் கேட்டாள். பாதர் நல்ல மனுசன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்குகிறது. அது தொடங்கிவிட்டால் நத்தார் முடியும்வரை இந்தக் கோயிலில் கலியாணம் வைப்பதில்லை. "தை மாசம் பாப்பம் மகள்" என்று சொல்லி அனுப்பினார்.

தை மாதம் றொனால்ட் அரபிக் கடலில் இருப்பார்.

இமெல்டா திரும்பி வந்து அதைச் சொன்னதும் மாவிடித்த உலக்கைகள் நின்றன. அறைக்குள் கலியாண உடுப்பைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற டினோஷா, வெளியே வந்து மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணன், ஒரு போன் போடுங்களன்" என்றாள் இமெல்டா. "நீங்க சொன்னா நேவி போட் ஒண்டு பறந்து வராதா?"

"வரும்."

"மறுகா என்ன?"

"அது வெள்ளத்தில அகப்பட்ட ஆக்களுக்கு. நிறைமாசக்காரி, நோயாளி, கிழடுகட்டைக்கு. மாப்பிள்ளைக்கு இல்ல."

"கொமடோர்ர மருமகளின்ட மாப்பிள்ளைக்குக்கூடவா இல்ல?"

"அவனுக்கு முக்கியமா இல்ல" என்று சொல்லிவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு கொமடோர் கிளம்பினார்.

*

படகுகளை அவர் தேட வேண்டியிருக்கவில்லை. கொமடோர் கிரானுக்குப் போய்ச் சேர்வதற்குள், மணமகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கமாகப் போன் அடித்து உதவி திரட்டிவிட்டார்கள்.

முதலாவது பஹ்மி. ஓட்டமாவடி மீன்காரன், நல்ல எஞ்சின் பூட்டிய வள்ளம் வைத்திருப்பவன். அவனுடைய பசு கன்று போட முடியாமல் ஒரு பகல் முழுக்கத் துடித்தபோது, லக்ஷன்தான் பக்கத்தில் கிடந்து தாயையும் கன்றையும் பிழைக்க வைத்தவன். இரண்டாவது யோசேப். பாசிக்குடாவில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பவளப்பாறை காட்டுகிறவர். அவருடைய படகின் அடியில் கண்ணாடி பதித்திருக்கும். டினோஷா கணக்கெழுதுகிற ஹோட்டலுக்குத்தான் அவரும் படகோட்டுகிறார். மழைக்காலத்தில் பயணிகள் இல்லாததால், படகை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியிருந்தார். மூன்றாவது அன்னப்பூரணி. அறுபது வயதைக் கடந்த பெண். நடுவில் மூழ்கிக் கிடக்கிற வட்டைக்கு, அந்த வயல்வெளி முழுவதற்கும், அவர்தான் வட்டவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, யாருடைய மாட்டைக் கட்டிப்போடுவது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வருகிற சொல்தான். உழவு இயந்திரத்தையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

தெரு தண்ணீருக்குள் இறங்கி மறைகிற இடத்தில் மூவரும் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் வானம்வரை தண்ணீர். அதற்கு அப்பால், ஒரு பச்சைத் திட்டாக மருதஞ்சேனை.

கொமடோர் வந்து இறங்கினார். ஒரு பார்வையிலேயே எல்லாவற்றையும் அளந்தார். அளந்த கையோடு கட்டளை போடத் தொடங்கினார்.

"பஹ்மி, நீங்க இஞ்சயிருந்து நேர போங்க, வட்டைக்கு மேலால ஊர்வரைக்கும். எஞ்சின நிப்பாட்டாம அடிச்சுப் போனாச் சுறுக்கா முடியும். ரெண்டு தரம் போய் வாங்க. யோசேப், நீங்க பின்னால போங்க. அம்மா, உங்கட மிசின் ஆத்தங்கரைக்கு வரட்டும். எல்லாரும் ஒரு மணிக்குள்ள இவடத்த நிக்கணும். கேள்வி இருக்கா?"

கேள்வி ஒன்றும் இருக்கவில்லை. அசைவும் இருக்கவில்லை. பஹ்மி தொப்பியைக் கழற்றித் தட்டித் திரும்பப் போட்டுக்கொண்டான். யோசேப் லொறியில் ஏறித் தன் படகுக்குள் கால்நீட்டிப் படுத்துவிட்டார். அன்னப்பூரணி இடுப்பில் கைவைத்து, கடையொன்றில் விலை அதிகம் சொன்ன புடவையைப் பார்க்கிறதுபோலக் கொமடோரைப் பார்த்தார். மருமகன் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டான்.

கொமடோர் குரலை உயர்த்தித் திரும்பவும் அதையே சொன்னார். இந்த முறை ஒரு எருமை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"நேரம் போகுது! என்ன, நம்மட புள்ளட கலியாணம் இது! நம்மட ஆக்களே இப்பிடி நிண்டா?"

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. டினோஷா.

"மாமா, யோசேப் அங்கிள் எனக்கு மெசேஜ் போட்டிருக்கார். நீங்க எல்லாரையும் ஏசுறீங்களாம்."

"ஏசல்ல மகள், சொன்னன்."

"உங்கட ஏழு நாட்டுக் கப்பல்காரரையும் இப்பிடித்தானா விரட்டுவீங்க? பாவம் அவங்க."

"சீ, அங்க ஆர் இப்பிடிக் கதைப்பான்? அங்க முதல் நாள் நான்…"

சொல்லிக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார்.

அங்கே முதல் நாள் அவர் என்ன செய்வார்? கப்டன்மாரை எல்லாம் ஒரு மேசையைச் சுற்றி இருத்துவார். உங்களால் என்ன முடியும் என்று கேட்கமாட்டார். அதைக் கேட்டால் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தி எல்லாம் முடியும் என்பார்கள், கடலுக்குப் போன பிறகுதான் வண்டவாளம் தெரியும். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: நீங்கள் எதைச் செய்யமாட்டீர்கள்? ஒரு நாட்டுக் கப்பல் பிடிபட்டவர்களைத் தன் தளத்தில் வைத்திருக்காது. அவர்கள் சட்டம் அப்படி. இன்னொரு நாட்டு ஹெலிகொப்டர் கரைக்குக் கிட்டப் பறக்காது. வேறொரு கப்பல் இன்ன நாட்டுக் கப்பலுக்குப் பக்கத்தில் நிற்காது. அதற்கு இருநூறு வருடத்துக் காரணம் இருக்கும். கொமடோர் ஏனென்று கேட்கமாட்டார், சரி என்பார். எல்லா "மாட்டோம்"களையும் கடல் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், எந்தக் கப்பல் எங்கே நிற்க வேண்டுமென்று அதுவே சொல்லிவிடும். அந்த ஆறு மாதம் நன்றாக நடந்த இரகசியம் அவ்வளவுதான்.

இங்கே மட்டும் ஏன் அதைக் கேட்கவில்லை? நம்முடைய ஆட்கள்தானே என்று நினைத்துவிட்டார். அந்நியனிடம் கேட்கிற மரியாதை, சொந்த ஊர்க்காரனிடம் தேவையில்லை என்று எந்தக் கழுதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது?

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கன் மகள். நீ போய்ச் சாப்பிடு. நான் இஞ்ச கொஞ்சம் மரியாதை படிக்கணும்."

*

அவர் தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் பிளேன்ரீ சொன்னார். கடை வாங்கில் மூவரையும் இருத்தி, தான் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"நான் தொடங்கினது பிழை. மன்னிச்சுக்கங்க. இப்ப ஒண்டு மட்டும் கேக்கிறன். நீங்க எதைச் செய்யமாட்டீங்க? காரணம் சொல்லத் தேவையில்ல."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கேள்வியை எந்த அதிகாரியும் அவர்களிடம் கேட்டதில்லை.

பஹ்மிதான் முதலில் வாய் திறந்தான். "சேர், இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு நான் பள்ளியில நிக்கணும். வெள்ளம் வந்தாலும் சரி, கலியாணம் வந்தாலும் சரி."

"சரி. வேற?"

"என்ட வள்ளத்தில சாராயப் போத்தல் ஏறாது. கலியாணக்காரர் கொண்டு வருவாங்க, எனக்குத் தெரியும். ஆக்கள் எத்தின பேரெண்டாலும் ஏத்துவன், போத்தல் ஒண்டும் ஏத்தமாட்டன்."

"சரி. அம்மா?"

அன்னப்பூரணி ரீயை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "தம்பி, என்ட வட்டைக்குள்ள எஞ்சின் ஓடப்படாது. விதைச்சு ஒரு மாசப் பயிர் உள்ளுக்குக் கெடக்கு. செத்துதோ இருக்கோ தெரியா. இருந்தா அந்தக் காத்தாடி வெட்டிப்போடும், வரம்பையும் உடைச்சுப்போடும். நீங்க கப்பல் ஓட்டினவர். வயலுக்கு மேலால எஞ்சின அடிச்சுப் போவெண்டு சொன்ன நேரம், எனக்கு உங்களத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டா என்ன எண்டு வந்திச்சு."

"போட்டிருக்கலாம் அம்மா. ஆழமில்லத்தானே."

அன்னப்பூரணியின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "என்ட மிசினும் ஆத்துக்குள்ள இறங்காது. கல்லு றோட்டில மட்டும்தான்."

"யோசேப்?"

"எனக்கு ஒரே ஒண்டுதான்" என்றார் யோசேப். "கல்லு, கம்பி, வேலிக்கட்டை இருக்கிற இடத்துக்கு என்ட படகு வராது. கண்ணாடி வெடிச்சா அடுத்த சீசனுக்கு நான் வெறுந்தண்ணியைத்தான் காட்டணும். சேறெண்டா எவ்வளவு தூரமும் வரும். தட்டைப் படகு, கம்பால ஊண்டியே தள்ளலாம்."

கொமடோர் விரலை ரீக்குள் தொட்டு வாங்கின் மேலே மூன்று கோடு போட்டார். அவ்வளவுதான். அவர் கண்ணுக்கு முன்னாலேயே எல்லாம் தன்பாட்டில் வரிசையாக நின்றது. கிரானிலிருந்து ஆறுவரை மூழ்கிக் கிடப்பது கல்லுத் தெரு. அது அன்னப்பூரணியின் உழவு இயந்திரத்துக்கு; படகுகளையும் பெட்டியில் ஏற்றி ஆறுவரை அதுவே கொண்டுபோகும். ஆழமும் இழுப்பும் உள்ள ஆறு பஹ்மியின் எஞ்சினுக்கு. ஆற்றுக்கு அப்பால் ஊர்வரை கிடப்பது சேற்று வட்டை, எஞ்சின் ஓடப்படாத இடம். அது யோசேப்பின் தட்டைப் படகுக்கு. ஜும்ஆவுக்கு முன்னர் பஹ்மி யோசேப்பை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகலாம். அவன் தொழுது முடித்து வருவதற்குள் யோசேப் கம்பூன்றி ஊருக்குப் போய் மாப்பிள்ளை கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்துவிடலாம்.

அவர் இதைச் சொல்லி முடித்ததும் பஹ்மி வாங்கைத் தட்டினான். "இத முதலே சென்னா என்ன சேர்?"

"முதலே எனக்குத் தெரியா. நீங்க மூணு பேரும் இப்பதானே சொன்னீங்க."

"உங்களுக்கு ஒண்டும் ஏலாதது இல்லயா, தம்பி?" என்று அன்னப்பூரணி கேட்டார்.

"இருக்கு. லைப் ஜக்கெட் போடாத ஒருத்தரையும் நான் தண்ணிக்கு மேல ஏத்தமாட்டன். அது மாப்பிள்ளைட அம்மாவா இருந்தாலும் சரி."

யோசேப் தன் ஹோட்டலின் செம்மஞ்சள் ஜக்கெட்டுகளைக் கட்டுக் கட்டாக லொறியிலிருந்து இறக்கினார். அன்னப்பூரணி ஒன்றை எடுத்துச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, மருமகனிடம் தன்னைப் படம் பிடிக்கச் சொன்னார்.

*

ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது. பஹ்மி அதை நேருக்கு நேர் வெட்டவில்லை. மேல் பக்கமாகச் சரிந்து ஏறி, ஆறு தன்னை இழுத்து விடுகிற இடத்தைக் கணக்குப் பார்த்து, பின்னால் கயிற்றில் கட்டிய கண்ணாடிப் படகை அக்கரையில் மெல்லக் கொண்டுபோய் அணைத்தான். கொமடோர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நல்ல கப்டனுக்கு வாயால் வழி காட்டக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

"நல்லா ஓட்டுறீங்க" என்றார் இறங்கும்போது.

"ஏழு நாட்டில எங்கட நாட்டையும் சேத்துக்கங்க சேர்" என்று சொல்லிவிட்டு, பஹ்மி வள்ளத்தைத் திருப்பிப் பள்ளிக்குப் பறந்தான்.

இனி வட்டை. வரம்புகள் எங்கே இருக்கின்றன என்பது அன்னப்பூரணிக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவர் படகின் முன்பக்கத்தில் நின்று கை காட்டினார். யோசேப்பும் கொமடோரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கம்பூன்றினார்கள். கொமடோருடைய உள்ளங்கையில் கொஞ்ச நேரத்திலேயே கொப்புளம் போட்டது. இத்தனை வருடமாக அவர் கப்பலைத் தன் கையால் தள்ளியதில்லை.

"சோத்தாங்கைப் பக்கம், சோத்தாங்கைப் பக்கம்! அது சின்னத்தம்பிட வரம்பு. ஏறினீங்களெண்டா மனுசன் என்னோட மூணு போகம் கதைக்கமாட்டான்."

வட்டையின் நடுப்பகுதியில் இழுப்பு இல்லை. தண்ணீர் அசையாமல் நின்று, சேறெல்லாம் அடியில் படிந்து தெளிந்திருந்தது. வெயில் அதற்குள் நேராக இறங்கியது. களைத்துப்போய் அன்னப்பூரணி பலகையில் குந்தினார். குந்தியவர் தற்செயலாகக் குனிந்து படகின் அடியைப் பார்த்தார்.

பார்த்தபடியே இருந்தார்.

"நிப்பாட்டுங்க" என்றார்.

"என்னம்மா?"

"நிப்பாட்டுங்க எண்டன்!"

இருவரும் கம்பை ஊன்றிப் படகை நிறுத்தினார்கள். அன்னப்பூரணி கண்ணாடிக்கு மேலே குப்புறக் கவிழ்ந்து, இரண்டு கையாலும் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டார். கொமடோரும் குனிந்தார். கண்ணாடிக்குக் கீழே பச்சைப் பசேலென்று நெற்பயிர் வரிசை கலையாமல் நின்றது. பவளப்பாறை பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்குக்கூட யோசேப் இவ்வளவு அழகாக ஒன்றைக் காட்டியிருக்கமாட்டார். ஒரு பனையான் மீன் பயிர்களுக்கு நடுவே, தன்னுடைய வீட்டில் நடக்கிறதுபோல நிதானமாகப் போனது.

"உசிரோட கெடக்கு" என்று அன்னப்பூரணி மெல்லச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, அந்த வெட்டவெளி முழுவதற்கும் கேட்கக் கூவினார்: "உசிரோட கெடக்குகா! என்ட பயிர் உசிரோட கெடக்கு!"

கேட்பதற்கு அங்கே ஒரு கொக்கைத் தவிர வேறு யாருமில்லை. ஆனால் அவர் உடனே போனை எடுத்து வட்டைக்காரர் ஒவ்வொருவருக்காக அடித்தார். "சின்னத்தம்பி, உன்டதும் நிக்கி. வேர் கழரல்ல. தண்ணி வடிஞ்சா எழும்பிடும். எப்பிடிப் பாத்தனா? கண்ணாடியால பாத்தன்டா. நான் கப்பலில நிக்கிறன்!"

அதன் பிறகு அவர்கள் போன வேகத்தைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு வயலுக்கு மேலேயும் நின்று பார்த்துச் செய்தி சொல்லிக்கொண்டே போனதால், அது வேகம் என்று சொல்லத்தக்கதும் இல்லை. கொமடோர் இருமுறை நேரத்தைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார்.

*

மருதஞ்சேனை மேட்டில் பதினாலு பேரும் கலியாண வீட்டுப் படம்போல வரிசையாக நின்றார்கள். லக்ஷன் கலியாணக் கோட்டையும் சப்பாத்தையும் பொலித்தீன் பையில் கட்டித் தலையில் வைத்திருந்தான். தகப்பன் கையில் தயிர்ச் சட்டிகள். கலியாணச் சாப்பாட்டுக்கு எருமைத் தயிர் இல்லாமல் வரமாட்டேன் என்று நின்றார். சித்தப்பாவின் கையில் ஒரு பை. நடக்கும்போது கிலுங் கிலுங் என்றது.

"அது என்ன?" என்றார் கொமடோர்.

"மருந்து" என்றார் சித்தப்பா.

"எத்தின போத்தல் மருந்து?"

"நாலு. காலநிலை சரியில்லத்தானே."

கொமடோர் எல்லாருக்கும் ஜக்கெட் மாட்டி, மாப்பிள்ளையின் தாயைப் படகின் கூரைக்குக் கீழே நல்ல இடத்தில் இருத்தினார். ஏறுகிற அவசரத்தில் லக்ஷனின் தலையிலிருந்து பை நழுவியது. கோட்டை அவன் பாய்ந்து பிடித்தான். சப்பாத்து இரண்டும் சேற்றுக்குள் போய்விட்டன.

"தேடுவமா?" என்று யோசேப் கேட்டார்.

"எஞ்சினும் விடமாட்டன், ஆளும் இறங்கவிடமாட்டன். பயிர் நிக்கி" என்றார் அன்னப்பூரணி. மாப்பிள்ளையின் சப்பாத்து வட்டைக்கு உரமாகட்டும் என்று தீர்ப்பாயிற்று.

ஆற்றங்கரைக்கு வந்தபோது பஹ்மி தொழுகை முடித்து, அத்தர் மணக்க, வெள்ளைச் சட்டையோடு வள்ளத்தில் காத்திருந்தான். முதலில் அவன் பார்த்தது சித்தப்பாவின் பையைத்தான்.

"சேர்."

"நினைவிருக்கு. உங்கட வள்ளத்தில பாதிப் பேர் வரட்டும். மிச்சப் பேரும் அந்தப் பையும் யோசேப்பிட படகில வரட்டும். அத நீங்க கயித்தில இழுத்துக்கொண்டு போறீங்க."

பஹ்மி கயிற்றின் நீளத்தைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். இன்னும் இரண்டு ஆள் நீளத்துக்குக் கயிற்றை விட்டுக் கட்டினான்.

"சரி. இவ்வளவு தூரத்துக்கு அங்கால என்ன கெடந்தாலும் எனக்குத் தெரியா" என்றான். சித்தப்பா படகின் கடைசி மூலையில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நாடு கடத்தப்பட்டவர்போல உட்கார்ந்தார். இரண்டு படகிலும் எழும்பிய சிரிப்பில் ஆற்றின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இக்கரையில் அன்னப்பூரணியின் மருமகன் உழவு இயந்திரத்தின் பெட்டிக்கு வாழைக்குலையும் தோரணமும் கட்டி வைத்திருந்தான். இடுப்பளவுத் தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு அது கிரானுக்குள் ஏறியபோது, வெள்ளம் பார்க்க வந்த சனம் எல்லாம் கைதட்டியது. கொமடோர் பெட்டியின் பின்பக்கத்தில், தயிர்ச் சட்டியொன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இமெல்டாவுக்குப் போன் அடித்தார்.

"மாப்பிள்ளை வந்திட்டு. பதினாலு பேரும் வந்திட்டு. தயிரும் வந்திட்டு."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "வாற வழியில கறிவேப்பிலை ஒரு பிடி வாங்கிற்று வாங்க" என்றாள் இமெல்டா.

*

சனிக்கிழமை காலை கோயில் மணி அடித்தது. வாசலில் வெள்ளைச் சீருடையில் நின்ற றொனால்டின் கையை டினோஷா பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைக் கொப்புளம் எரிந்தது. அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

கோயில் நிறைந்திருந்தது. பின் வாங்கில் பஹ்மி தன் மனைவி ஸஹீதாவோடு வந்து அமர்ந்திருந்தான். பக்கத்தில் அன்னப்பூரணி பட்டுச் சேலையோடு. கண்ணாடியால் பயிர் பார்த்த கதை, சின்னத்தம்பிக்குச் சொன்ன பிறகும் அவரிடம் இன்னும் மிச்சமிருந்தது. இசைக்காரர் வயலினைத் தொடங்கினார்கள். றொனால்ட் காலெடுத்து வைத்தார்.

"மாமா, மெல்ல" என்று டினோஷா உதட்டசையாமல் சொன்னாள். "இது பரேட் இல்ல."

"சரி மகள். நீ சொல்லு, நான் வாறன்."

அவள் காலுக்கு அவர் காலை மாற்றிப் போட்டார். பாதி வழி வந்திருப்பார்கள். டினோஷாவின் கை திடீரென்று குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். பீடத்தடியில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்ற லக்ஷனின் காலில், பாசிக்குடா ஹோட்டலின் பெயர் போட்ட யோசேப்பின் நீல றப்பர்ச் செருப்பு. ஊரெல்லாம் கடை பூட்டிக் கிடந்ததில் அவனுக்கு வேறு சப்பாத்துக் கிடைக்கவில்லை.

றொனால்டும் சிரித்துவிட்டார். சீருடையோடு இருக்கும்போது அவர் பல்லைக் காட்டியதை யாரும் கண்டதில்லை. அன்று கோயில் முழுக்கக் கண்டது. சிரித்துக்கொண்டே அவர் மருமகளின் கையை லக்ஷனின் கையில் வைத்தார்.

பாதர் புத்தகத்தைத் திறந்து, "லக்ஷன், டினோஷாவை உமது மனைவியாக…" என்று தொடங்கினார்.

"ஓம் பாதர்!" என்றான் லக்ஷன்.

"பொறும், நான் இன்னும் கேட்டு முடிக்கல்ல."

"பரவாயில்ல பாதர், ஓம்தான்."